3200-க்குக் காசு, 2400-க்கு ஓட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி சேரும் பிள்ளைகளுக்குக் கணினி வாங்குவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிராசசருக்கு ஒரு பத்தி, எஸ்எஸ்டிக்கு ஒரு பத்தி, மானிட்டருக்கு ஒரு பத்தி என்று பொறுமையாக எழுதியவர், கணினி வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்கிற ராமுக்கு மட்டும் "16 ஜிபி இருந்தால் போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நானும் 2023-ல் இதே வரியை நம்பித்தான் கணினி வாங்கினேன். காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் அந்த ராம் ஓடவே இல்லை என்பது ஒன்பது மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. இன்னொரு வீட்டுக்கு அப்படி ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் 19 வருஷமாகப் பக்கம் வடிவமைக்கிறேன். தினசரி காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் கையில் வரும். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகும் ஊர் இது. அதனால் வைகாசி, ஆனியில் அச்சக வேலை வீடு வரைக்கும் பின்னால் வரும். சீட்டு எடுத்த பணத்தில் வீட்டுக்கென்று ஒரு கணினி அசெம்பிள் செய்தேன். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி பிராசசர், பி450 மதர்போர்டு, டிடிஆர்4 என்கிற தலைமுறை ராம் 16 ஜிபி. படம் வரைவதற்கென்று தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இரவு ஒன்பது மணி வரை என் வேலைக்கு, அதற்குப் பிறகு மகனுக்கு என்று ஏற்பாடு. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தால் விளையாட ஒரு கணினி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அவன் எடுத்துவிட்டான்.

அவன் ஆடுவது ஜிடிஏ 5 என்கிற கணினி விளையாட்டு. கார் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது படம் சட்டென்று நின்று, அப்புறம் குதித்து ஓடும். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவான், பாதியில் எழுந்து போய்விடுவான். விற்ற கடையில் போய்ச் சொன்னேன். "அக்கா, கார்டு இல்லாம கேம் ஆடுனா இப்படித்தான் இருக்கும். 18,000 ரூபாய்க்கு ஒரு கார்டு போட்டுருங்க, சரியாயிரும்" என்றார்கள். என்னிடம் 18,000 இல்லை. "அடுத்த சீட்டு வரட்டும்டா" என்று அவனிடம் சொல்லி வைத்தேன்.

எங்கள் அச்சகத்தில் ஒரு பழைய கணினிக்கு எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கிற பெட்டி) மாற்ற வந்த தம்பியிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினார். டாஸ்க் மேனேஜர் திறந்தது. பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. வலது பக்கம் கீழே இரண்டு வரிகளைத் தொட்டுக் காட்டினார். வேகம் 2400, அதாவது நொடிக்கு இத்தனை மில்லியன் பரிமாற்றம். ராம் மாட்டுகிற ஸ்லாட் 4-ல் 1. பிறகு கேபினெட்டைத் திறந்து, ராம் ஸ்டிக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் ஸ்டிக்கரில் 3200 என்று பெரிதாகவும், அதன் கீழே 16-18-18-38, 1.35வி என்று பொடி எழுத்திலும் அச்சாகியிருந்தது. "3200-ன்னு போட்டுருக்கு, ஓடுறது 2400. நீங்க குடுத்த காசுல கால்வாசி சும்மா கெடக்குக்கா" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. ஒன்பது மாதமாகக் கார்டு வாங்க வேண்டும், கார்டு வாங்க வேண்டும் என்று நினைத்து நினைத்து, பையனையும் ஏங்க வைத்திருந்தேன்.

ராம் தயாரிக்கிறவர்கள் இப்படிப்பட்ட ஸ்டிக்குகளில் இரண்டு விதக் கணக்கை எழுதி அனுப்புகிறார்கள். ஒன்று, எந்த போர்டில் மாட்டினாலும் ஓடக்கூடிய பொதுவான வேகம். டிடிஆர்4-ல் அது பெரும்பாலும் 2133, 2400, 2666 என்று இருக்கும், மின்னழுத்தம் 1.2 வோல்ட். மற்றொன்று, ஸ்டிக்கரில் போட்டு விற்கிற வேகம். இதற்கு எக்ஸ்எம்பி என்று பெயர். டிடிஆர்3 காலத்தில், 2007-ல் இன்டெல் கொண்டுவந்த ஏற்பாடு. ஏஎம்டி போர்டுகள் சிலவற்றில் டிஓசிபி என்று இருக்கும். ரைசன் 7000 வரிசையோடு 2022-ல் ஏஎம்டி தன் பங்குக்கு எக்ஸ்போ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பெயர் எதுவானாலும், கணினி தொடங்கும்போது திறக்கிற பயாஸ் என்கிற அடிப்படை அமைப்புக்குள் போய் நாமாகத் திறந்துவிட்டால்தான் அது வேலை செய்யும். திறக்காவிட்டால் கணினி ஒன்றும் சொல்லாது. பாதுகாப்பான பழைய வேகத்திலேயே வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். என் கணினியில் யாரும் திறக்கவில்லை.

அந்த 16-18-18-38 என்னவென்று தம்பியிடம் கேட்டேன். டைமிங் என்றார். அவர் சொன்ன விளக்கத்தை நான் என் அப்பாவின் வேலையை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். அப்பா கம்போசிட்டர், அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவர். ஈய எழுத்து அடுக்கிய கேஸ்கள் ரேக்கில் வரிசையாக இருக்கும். ஓர் எழுத்து வேண்டுமென்றால் முதலில் அந்தக் கேஸை ரேக்கிலிருந்து இழுக்க வேண்டும், அதற்கு ஒரு நேரம். திறந்த கேஸில் சரியான அறையில் கை வைத்து எழுத்தை எடுக்க ஒரு நேரம். அடுத்து வேறு கேஸ் வேண்டுமென்றால் இதை உள்ளே தள்ள ஒரு நேரம். ராமிலும் இப்படித்தான் வரிசை வரிசையாக அறைகள் இருக்கின்றன. முதலில் இருக்கும் 16 எழுத்தை எடுக்கிற நேரம், அதைத்தான் சிஎல் என்கிறார்கள். அடுத்த 18 கேஸை இழுக்கிற நேரம், அதற்கடுத்த 18 உள்ளே தள்ளுகிற நேரம். கடைசி 38, இழுத்த கேஸ் குறைந்தது எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது. எல்லாம் கடிகாரத் துடிப்புக் கணக்கு.

துடிப்பே வேகமானால் அதே 16 துடிப்பும் சீக்கிரம் முடிந்துவிடும். அதனால் சிஎல் எண்ணை மட்டும் பார்த்து ராம் வாங்குவதும் தப்பு, வேகத்தை மட்டும் பார்த்து வாங்குவதும் தப்பு. சிஎல்லை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் நானோ நொடி வரும். 3200 சிஎல்16 என்றால் 10. 3600 சிஎல்18 என்றாலும் அதே 10. என் கணினி ஓடிக்கொண்டிருந்தது 2400 சிஎல்17-ல், அது 14-க்குக் கொஞ்சம் மேல். திறந்த கேஸிலிருந்து ஓர் எழுத்தை எடுக்க நாற்பது சதவீதம் கூடுதல் நேரம். பையனின் கார் வளைவில் நின்றதற்கு இது ஒரு காரணம்.

இதைவிடப் பெரிய காரணம், ஸ்டிக் ஒன்றே ஒன்று போட்டிருந்தது. பிராசசர் இரண்டு பாதையில் ராமோடு பேசக்கூடியது. ஒற்றை ஸ்டிக் போட்டால் ஒரு பாதை மூடியே கிடக்கும். அச்சகத்தில் இரண்டு ரேக் இருந்தும் ஒரே கம்போசிட்டரை வேலைக்கு வைத்த மாதிரி. என் கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால், படம் வரைகிற பகுதிக்கென்று சொந்த மெமரி கிடையாது. அதுவும் இதே ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒற்றை ஸ்டிக்கில் 2400 என்றால் நொடிக்கு 19.2 ஜிபி வரைதான் போக முடியும். இரண்டு ஸ்டிக்கில் 3200 என்றால் 51.2 ஜிபி. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டுதான் "கார்டு இல்லையே" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள்.

தம்பி அன்றைக்கே பயாஸில் எக்ஸ்எம்பியைத் திறந்துவிட்டார். மறுநாள் அந்த ஒற்றை 16 ஜிபியை எடுத்துக்கொண்டு, அதே கம்பெனியின் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளைக் கொண்டுவந்தார். பொன்முலாம் பூசிய பல் பகுதியைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் 'க்ளிக்' என்று சத்தம் வரும் வரை அழுத்தினார். ஜிபி கூடவுமில்லை, குறையவுமில்லை. கூடுதல் காசும் வாங்கவில்லை. மகன் ஒவ்வொரு கட்டத்திலும் ஜிடிஏ 5-ல் ஒரே தெருவில், ஒரே அமைப்பில் ஓட்டிப் பார்த்து நோட்டில் எழுதினான். முதலில் நொடிக்கு 38 படம். எக்ஸ்எம்பி திறந்தபின் 45. இரண்டு ஸ்டிக் போட்டபின் 63. அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. சராசரியைவிட அவனுக்குப் பெரிதாகப் பட்டது, வளைவில் படம் நிற்பது நின்றுபோனதுதான். இதை ஆடுகிறவர்கள்தான் உணர்வார்கள். சராசரி எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் நடுநடுவே அது சட்டென்று அடியில் விழுவதுதான் ஆட்டத்தைக் கெடுக்கும், ராம் மெதுவாக இருந்தால் முதலில் தெரிவதும் அதுதான்.

என் பக்க வடிவமைப்பு வேலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தனி கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இந்த அளவு ஏறாது. 4கே திரையில் ஆடினால் பாரம் முழுவதும் கார்டின் மேல் விழுவதால் அநேகமாக ஒன்றுமே தெரியாது. 5800எக்ஸ்3டி போல 96 எம்பி கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கிற மெமரி) உள்ள பிராசசர்கள் ராமை எதிர்பார்ப்பதும் குறைவு. ஆனால் எங்களைப் போலக் கார்டு வாங்க முடியாமல், பிராசசருக்குள் இருக்கிற கிராபிக்ஸிலேயே ஓட்டுகிற வீடுகள் சிவகாசியிலும் சாத்தூரிலும் எத்தனையோ. அவர்களுக்குத்தான் இது முதலில் போய்ச் சேர வேண்டும். ராம் விலை இவ்வளவு ஏறிக்கிடக்கிற நேரத்தில், ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதை முழுசாகப் பயன்படுத்தத் தெரிவது இன்னும் அவசியம்.

கடைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. எக்ஸ்எம்பியைத் தயாரிப்பாளர்கள் ஓவர்கிளாக்கிங் (பொதுவான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். எல்லாப் போர்டும் எல்லா வேகத்தையும் தாங்காது. பத்தாம் தலைமுறை இன்டெல்லுக்கான எச்410 போர்டில் 3200 ராம் போட்டாலும் ஐ5-க்கு 2666-க்கு மேல் ஏறாது. மாற்றிக் கொடுத்து, கணினி ஹேங் ஆகி வாடிக்கையாளர் தூக்கிக்கொண்டு வந்தால் தலைவலி என்று நினைப்பார்கள். ஆனால் நான் வாங்கிய பிராசசருக்கு 3200 என்பது ஏஎம்டியே அறிவித்திருக்கிற வேகம். அதை எதிர்பார்த்துத்தான் 3200 ராமுக்குக் காசு வாங்கினார்கள். ஓடாது என்றால் 2400-க்கு உரிய ராமைக் கொடுத்து, அதற்குரிய விலையை வாங்கியிருக்க வேண்டும். ஓடும் என்றால் திறந்து கொடுத்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை அது.

அடுத்து நடந்ததையும் எழுதியாக வேண்டும், பிள்ளைகள் படிப்பார்கள் என்பதற்காக.

63 வந்ததும் பையனுக்கு ஆசை விடவில்லை. டைமிங்கைக் குறைத்தால் இன்னும் ஏறும் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, 16-18-18-38 இருந்த இடத்தில் 14-16-16-32 என்று போட்டான். என்னிடம் கேட்டுத்தான் போட்டான். விண்டோஸ் திறந்தது, ஆட்டமும் ஓடியது, நோட்டில் 65 என்று எழுதினான். இரண்டு படம் கூடியிருக்கிறது. சரி, இருக்கட்டும் என்றுவிட்டேன்.

அது சித்திரை மாதம். ஒரு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், தினசரி காலண்டர் கோப்பு ஒன்றைத் திறக்கிறேன், "கோப்பு சேதமடைந்துள்ளது" என்று வருகிறது. முதல் நாள் மத்தியானம் நான் என் கையால் சேமித்த கோப்பு. நல்லவேளையாகப் பென் டிரைவில் முந்தின நாள் பிரதி இருந்தது, ஒரு நாள் வேலையோடு போயிற்று. தம்பி சொன்னபடி மெம்டெஸ்ட்86 என்கிற சோதனையைப் பென் டிரைவிலிருந்து ஓடவிட்டேன். நாற்பது நிமிஷம் வரை சுத்தமாகப் போனது. பிறகு சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. ராமில் எழுதியது ஒன்று, திரும்பப் படித்தது வேறு.

காரணம் பின்னால் புரிந்தது. ராமின் ஒவ்வொரு அறையும் துளியூண்டு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கிற சின்னக் கொள்கலம். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1968-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு, இன்றைக்கும் அடிப்படை அதுதான். அந்த மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் டிடிஆர்4-ல் ஒவ்வொரு வரிசையையும் 64 மில்லி நொடிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும், மிச்சமிருப்பதைச் சரியாகப் படிக்கக் கூடுதல் நேரம் வேண்டும்; நாங்களோ அந்த நேரத்தைத்தான் குறைத்திருந்தோம். ராத்திரி ஃபேன் காற்றில் தேறிய ராம், சிவகாசியின் சித்திரை மத்தியானத்தில், ஓட்டு வீட்டுக்குள் தவறிவிட்டது. கேஸை முழுசாக இழுப்பதற்குள் கையை உள்ளே விட்டால் பக்கத்து அறை எழுத்துதானே கையில் வரும்.

கோப்பு திறக்காமல் போனது எனக்கு நல்ல காலம் என்றே இப்போது நினைக்கிறேன். திறந்திருந்தால்? கணினிக்குள் 7 என்கிற எண்ணுக்கும் 3 என்கிற எண்ணுக்கும் ஒரே ஒரு பிட், அதாவது ஒரே ஒரு 0 அல்லது 1-தான் வித்தியாசம். 00110111, 00110011. திங்கட்கிழமை ராகு காலம் 7.30-க்குத் தொடங்குகிறது. அந்த ஒரு பிட் மாறி 3.30 என்று ஆகியிருந்தால், பிளேட் போட்டு, லட்சக்கணக்கில் அடித்து, வீட்டுக்கு வீடு தொங்கியிருக்கும். அதைப் பார்த்து எத்தனை பேர் கல்யாணத்துக்கு நேரம் குறிப்பார்கள். இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்த வாரத்தில் நான் தொட்ட கோப்புகளையெல்லாம் பிரிண்ட் எடுத்து, பஞ்சாங்கத்தை வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன்.

பழையபடி 16-18-18-38 போட்டு, வெயில் நேரத்திலேயே மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்றும் ஓடவிட்டோம். ஒரு சிவப்பு வரி வரவில்லை. அதற்குப் பிறகு அந்த எண்ணை யாரும் தொடவில்லை.

டைமிங்கைக் குறைத்துப் பார்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அதில் ஆழ்ந்த ஞானம் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்டிக்கில் இருப்பது சாம்சங்கின் பி-டை சிப்பா, மைக்ரானின் ஈ-டை சிப்பா என்று பார்த்து, ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி, ராத்திரி முழுக்கச் சோதித்துப் பார்த்துத்தான் அடுத்ததைத் தொடுவார்கள். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். ஆனால் அப்பா கணக்கும் அம்மா வேலையும் பிள்ளையின் புராஜெக்ட்டும் ஒரே கணினியில் இருக்கிற வீட்டில் அதைச் செய்யக் கூடாது. எக்ஸ்எம்பி திறந்ததிலும் ஸ்டிக்கை இரண்டாக்கியதிலும் எங்களுக்குக் கிடைத்தது 25 படம். டைமிங்கைக் குறைத்துக் கிடைத்தது 2 படம். அந்த இரண்டுக்காகத்தான் ஒரு வருஷக் காலண்டரைப் பணயம் வைத்திருந்தேன். எக்ஸ்எம்பி திறந்த பிறகும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. அதிலும் தவறுகிற போர்டுகள் உண்டு. அப்படியானால் 3200-ஐ 3000-ஆக இறக்கினால் பிழை பெரும்பாலும் நின்றுவிடும்.

இப்போது புதிதாக வாங்குபவர்களுக்கு டிடிஆர்5 வருகிறது. அதிலும் இதே கதைதான். 6000 என்று எழுதிய ஸ்டிக் திறக்காவிட்டால் பெரும்பாலும் 4800-ல் ஓடிக்கொண்டிருக்கும். திறந்துவிட்டு முதல் தடவை போடும்போது சில நிமிஷம் திரை கறுப்பாகவே இருக்கும். ராமைப் பழக்கிக்கொள்கிற நேரம் அது. கெட்டுப்போயிற்று என்று பதறி சுவிட்சை அணைக்க வேண்டாம்.

தங்களிடமும், தங்கள் பத்திரிகை வழியாகக் கடைக்காரர்களிடமும் என் கோரிக்கை இது. கணினியை ஒப்படைக்கும்போது டாஸ்க் மேனேஜரில் அந்த இரண்டு வரிகளை வாடிக்கையாளருக்குத் திறந்து காட்டுங்கள். பில்லில் "16 ஜிபி ராம்" என்று மட்டும் எழுதாமல், எத்தனை ஸ்டிக், என்ன வேகம், அந்த வேகத்தில் ஓடுகிறதா என்றும் எழுதுங்கள். வாங்குகிறவர்களும் காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அதைக் கேட்டுப் பார்க்கட்டும். ஆசிரியர் அவர்கள் அடுத்த ஞாயிறு இணைப்பில் ராமுக்கும் ஒரு முழுப் பத்தி ஒதுக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

போன மாதம் மதர்போர்டில் இருக்கிற காசு அளவு பேட்டரி தீர்ந்துபோய், புதியது மாற்றினோம். பயாஸ் அமைப்பெல்லாம் அழிந்து கணினி மறுபடி 2400-க்குப் போய்விட்டது. யாரும் சொல்லவில்லை. ஆட உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் மகனே கண்டுபிடித்தான், "அம்மா, கார் நிக்குது" என்றான். திரும்பத் திறந்துவிட்டோம். இப்போது கேபினெட்டின் பக்கவாட்டில் அவன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறது: 3200, 16-18-18-38, 1.35. அதன் கீழே சிவப்பு மையில், குறைக்காதே.

இப்படிக்கு,
அச்சகப் பக்க வடிவமைப்பாளர்,
சிவகாசி.